பழைய கணினிக்கு ராம் மாற்றும்போது சிஎல் எண்ணுக்காகக் கூடுதல் பணம் கொடுக்கலாமா?

ஈசூன்_அப்பா:

அனைவருக்கும் வணக்கம். என் தந்தையார் பயன்படுத்தும் மேசைக் கணினிக்கு ராம் (தற்காலிக நினைவகம்) கூட்ட வேண்டியிருக்கிறது. ஓர் அலுவலகம் இடம் மாறியபோது கழித்துவிட்ட கணினிகளுள் ஒன்றை நான் வாங்கி வந்து அவருக்குக் கொடுத்தேன். அதில் இன்டெல் கோர் ஐ5-3470 செயலி, ஒரே ஒரு 4 ஜிபி டிடிஆர்3 ராம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க் ஆகியவை உள்ளன. விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டாலும், நீட்டித்த பாதுகாப்புத் திட்டத்தில் சேர்ந்துகொண்டதால் 2026 அக்டோபர் வரை ஓட்டலாம் என்றிருக்கிறேன். அவர் செய்தித்தாள் படிக்கிறார், பழைய பாடல்களைக் கேட்கிறார், ஊரிலிருக்கும் என் அத்தையுடன் காணொளியில் பேசுகிறார். இவற்றில் இரண்டை ஒரே நேரத்தில் செய்தால் கணினி உறைந்துபோகிறது.

சனிக்கிழமை மின்னணுப் பொருள்கள் விற்கும் சிம் லிம் ஸ்குவேருக்குப் போயிருந்தேன். ஒரு கடையில் இரண்டு வகை காட்டினார்கள். இரண்டுமே 8 ஜிபி இரண்டு கொண்ட இணை, இரண்டிலும் வேகம் 1600 என்றுதான் எழுதியிருந்தது. ஒன்று வெறும் பச்சைப் பலகை, சிஎல் என்ற தாமத எண் 11. மற்றொன்று சிவப்பு உலோகக் கவசம் போட்டது, சிஎல்9, 25 சிங்கப்பூர் வெள்ளி கூடுதல். "பதினொன்றுக்கும் ஒன்பதுக்கும் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு வித்தியாசம், கணினியும் அந்த அளவுக்கு வேகமாகும்" என்றார் விற்பனையாளர். கணக்கு சரியாகத்தான் இருக்கிறது, ஆனால் மனம் ஒப்பவில்லை, ஆகவே வாங்காமல் வந்துவிட்டேன். அந்த 25 வெள்ளிக்கு உண்மையில் பொருள் உண்டா?

கணக்கு_வாத்தியார்:

விற்பனையாளர் சொன்ன வகுத்தல் சரி. அதை எதன்மீது போட்டார் என்பதில்தான் பிழை. சிஎல் என்பது நேரம் அன்று, எண்ணிக்கை. ஒரு குறிப்பிட்ட தரவைக் கேட்டதிலிருந்து அதன் முதல் பகுதி வெளியே வரும் வரை எத்தனை கடிகாரத் துடிப்புகள் கடக்க வேண்டும் என்பதைத்தான் அது சொல்கிறது. ஒரு துடிப்பின் நீளம் தெரியாமல் துடிப்புகளின் எண்ணிக்கையை மட்டும் ஒப்பிடுவது, ஒருவர் எட்டு அடி எடுத்து வைத்தார், இன்னொருவர் பத்து அடி எடுத்து வைத்தார் என்பதை மட்டும் வைத்து யார் அதிகத் தூரம் நடந்தார் என்று தீர்ப்புச் சொல்வதைப் போன்றது.

டிடிஆர் வகை ராமில் ஒவ்வொரு துடிப்பிலும் இருமுறை தரவு கைமாறுவதால், 1600 என்று எழுதியிருப்பதன் உண்மையான கடிகார வேகம் 800 மெகாஹெர்ட்ஸ். ஒரு துடிப்பு 1.25 நானோ நொடி. எனவே சிஎல்11 என்பது 13.75 நானோ நொடி, சிஎல்9 என்பது 11.25 நானோ நொடி. சுருக்கமாகச் செய்ய வேண்டுமென்றால் சிஎல் எண்ணை 2000ஆல் பெருக்கி, ராமின் மீது எழுதியிருக்கும் வேக எண்ணால் வகுத்தால் நானோ நொடி வந்துவிடும்.

இந்தக் கணக்கைப் பழைய தலைமுறைகளுக்கும் புதிய தலைமுறைகளுக்கும் போட்டுப் பாருங்கள், எனக்கு இதுதான் இந்தத் தலைப்பிலேயே சுவையான பகுதி. டிடிஆர்-400 சிஎல்3 என்றால் 15 நானோ நொடி. டிடிஆர்2-800 சிஎல்5 என்றால் 12.5. டிடிஆர்3-1333 சிஎல்9 என்றால் 13.5. டிடிஆர்4-3200 சிஎல்22 என்றால் 13.75. டிடிஆர்5-4800 சிஎல்40 என்றால் ஏறத்தாழ 16.7. சிஎல் எண் மூன்றிலிருந்து நாற்பதுக்குப் போயிருக்கிறது, நேரமோ கிட்டத்தட்ட இருந்த இடத்திலேயே நிற்கிறது. காரணம், உள்ளே இருப்பது இன்னமும் மிகச் சிறிய மின்தேக்கிகளின் வரிசைதான். அவற்றில் தங்கியிருக்கும் நுண்ணிய மின்னேற்றத்தை உணர்ந்து பெருக்கி வெளியே அனுப்பும் வேலை, கடிகாரத்தை வேகமாக்குவதால் மட்டும் வேகமாகிவிடாது. தலைமுறைக்குத் தலைமுறை கூடியது ஒரே நேரத்தில் அள்ளித் தரும் அளவு. முதல் துளி வரும் நேரம் அவ்வளவாகக் குறையவில்லை.

ஆகவே உங்கள் இரண்டு வகைகளுக்கும் இடையே உள்ள வேறுபாடு 2.5 நானோ நொடி. உங்கள் செயலி 3.2 ஜிகாஹெர்ட்ஸில் ஓடும்போது அது 8 துடிப்புகள். இல்லை என்று சொல்ல மாட்டேன், ஆனால் அது கணினி முழுவதன் வேகத்தில் ஐந்தில் ஒரு பங்கு அன்று.

செங்காங்_கேமர்:

வாத்தியார் ஐயா சொல்வதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். மற்ற பாதியை ஒப்புக்கொள்ள முடியவில்லை. சிஎல் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு 2.5 நானோ நொடி என்று முடித்துவிட்டீர்கள், ஆனால் ராமின் மேல் 9-9-9-24 என்று நான்கு எண்கள் எழுதியிருக்கும். கவசம் போட்ட ராமில் சிஎல் மட்டும் குறைவதில்லை, அடுத்த இரண்டு எண்களும் சேர்ந்தே குறைகின்றன. மேலும் நான் தேசிய சேவை முடித்த கையோடு ஏஎம்டியின் முதல் தலைமுறை ரைசன் செயலி போட்ட கணினி ஒன்று கட்டினேன். அதில் ராமை மாற்றியதும் விளையாட்டில் திடீரென்று தடுக்கும் இடங்கள் குறைந்ததை நானே கண்கூடாகப் பார்த்தேன். "வேறுபாடே இல்லை" என்று பொதுப்படையாகச் சொல்லி எல்லோரையும் மலிவான பச்சைப் பலகைக்கு அனுப்புவது சரியன்று.

கணக்கு_வாத்தியார்:

நான்கு எண்கள் பற்றிய உங்கள் திருத்தத்தை ஏற்கிறேன், நான் அதை விட்டது தவறுதான். மற்றவர்களுக்காகக் கொஞ்சம் விரித்துச் சொல்லிவிடுகிறேன்.

சிராங்கூன் சாலையில் ஒரு மளிகைக் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். மூட்டைகள் எல்லாம் பரணில் இருக்கின்றன, கீழே ஒரு நேரத்தில் ஒரு மூட்டையைத்தான் பிரித்து வைக்க இடம் இருக்கிறது. பரணிலிருந்து மூட்டையை இறக்கிப் பிரிக்கும் நேரம் இரண்டாவது எண். பிரித்த மூட்டையிலிருந்து அள்ளிக் கொடுக்கும் நேரம்தான் முதல் எண்ணாகிய சிஎல். அந்த மூட்டையைக் கட்டி மறுபடி பரணில் ஏற்றும் நேரம் மூன்றாவது எண். இறக்கிய மூட்டையை உடனே ஏற்றிவிடக் கூடாது, குறைந்தது இத்தனை துடிப்புகளாவது அது கீழே இருக்க வேண்டும் என்பது நான்காவது எண். அடுத்த வாடிக்கையாளரும் அதே அரிசியைக் கேட்டால் அள்ளும் நேரம் மட்டுமே செலவாகும். அவர் துவரம்பருப்பு கேட்டால் மூட்டையை ஏற்ற, இன்னொன்றை இறக்க, அள்ள என்று மூன்று நேரங்களும் செலவாகும்.

எனவே மோசமான நிலையில் வேறுபாடு 2.5 நானோ நொடியின் மும்மடங்கு, அதாவது 7.5 நானோ நொடி. ஆனால் செயலியிலிருந்து கோரிக்கை புறப்பட்டு, கேஷ் எனப்படும், செயலிக்குள்ளேயே இருக்கும் சிறு நினைவக அடுக்குகளில் எல்லாம் தேடி இல்லையென்று தெரிந்து, ராம் வரை போய்த் திரும்பும் மொத்தப் பயணம் இந்தத் தலைமுறைக் கணினியில் 60 முதல் 80 நானோ நொடி அளவில் இருக்கும். அதில்தான் இந்த 7.5ஐக் கழிக்க வேண்டும். அதுவும் ராம் வரை போக நேர்ந்த கோரிக்கைகளுக்கு மட்டும். பெரும்பாலான கோரிக்கைகள் செயலிக்குள் இருக்கும் 6 எம்பி கேஷிலேயே நிறைவேறிவிடும்.

ரைசன் பற்றி நீங்கள் கண்டது உண்மையாகவே இருக்கும். அந்தச் செயலியின் உள்பாகங்களை இணைக்கும் பாதையின் வேகமே ராமின் கடிகாரத்தோடு பிணைக்கப்பட்டிருக்கிறது. வேகமான ராம் போட்டால் செயலியின் உள்போக்குவரத்தும் வேகமாகும். 2012இல் வந்த ஐ5க்கு அந்தப் பிணைப்பு இல்லை. ஒரு வீட்டுக்குப் பொருந்திய சாவியை அடுத்த வீட்டுப் பூட்டில் திருகிப் பார்க்க வேண்டாம் என்பதே என் கருத்து.

பிடோக்_பழுதுக்காரி:

இருவரும் ராம் எண்ணில் சொன்னபடியே ஓடும் என்று எடுத்துக்கொண்டு வாதிடுகிறீர்கள். எனக்கு அந்த இடத்திலேயே ஐயம். தன்னார்வலராகப் பழைய கணினிகளைப் பிரித்துப் பூட்டும் வேலையில் பல ஆண்டுகளாக இருக்கிறேன், இந்தக் கேள்விக்கு விடை பெரும்பாலும் மதர்போர்டில்தான் இருக்கிறது.

ஒவ்வொரு ராமிலும் நினைவுச் சில்லுகளோடு எஸ்பிடி என்ற மிகச் சிறிய தனிச் சில்லு ஒன்று இருக்கும். டிடிஆர்3இல் அதன் கொள்ளளவு வெறும் 256 பைட். கணினியைத் திறந்தவுடன் பயாஸ் (மதர்போர்டிலேயே இருக்கும் தொடக்க மென்பொருள்) அந்தச் சில்லைப் படித்துத்தான் எந்த வேகத்தில், எந்தத் தாமதத்தில் ஓட்டுவது என்று முடிவு செய்கிறது. வாத்தியார் ஐயாவுக்குப் பிடித்த ஒரு செய்தி: அதற்குள் சிஎல் தாமதம் துடிப்புகளாக எழுதப்படுவதில்லை, நேரமாகவே எழுதப்பட்டிருக்கிறது. பயாஸ்தான் தான் ஓட்டப்போகும் கடிகாரத்துக்கு ஏற்ப அதைத் துடிப்புகளாக மாற்றிக்கொள்கிறது.

இப்போது விவகாரத்துக்கு வருகிறேன். கவசம் போட்ட "சிஎல்9, 1600" ராம்கள் பலவற்றில் அந்த 1600 என்ற வேகம் ஜெடெக் என்ற தொழில்துறை அமைப்பின் தரநிலைப் பட்டியலில் எழுதப்பட்டிருப்பதில்லை. தரநிலைக்கு மேல் ஓட்டுவதற்கான எக்ஸ்எம்பி என்ற தனிப் பட்டியலில் எழுதப்பட்டிருக்கும். அந்தப் பட்டியலைப் படித்துச் செயல்படுத்தும் வசதி, ஆர்வலர்களுக்காகச் செய்யப்பட்ட மதர்போர்டுகளில் இருக்கும். அலுவலகங்களுக்கு மொத்தமாக விற்கப்பட்ட கணினிகளின் பயாஸில் பொதுவாக அது இருக்காது, ராமின் எண்களைக் கையால் மாற்றும் பக்கமும் இருக்காது. அப்படிப்பட்ட கணினியில் சிவப்புக் கவச ராமைப் போட்டால் அது ஜெடெக் பட்டியலில் இருக்கும் வேகத்துக்கு, பெரும்பாலும் 1333க்கு, அமைதியாக இறங்கிவிடும். எந்த எச்சரிக்கையும் வராது. நீங்கள் 25 வெள்ளி கூடுதலாகக் கொடுத்து மெதுவான ராம் வாங்கியிருப்பீர்கள்.

எக்ஸ்எம்பி இல்லாமலே ஜெடெக் பட்டியலில் 1600 எழுதப்பட்ட கவச ராம்களும் உண்டு, மறுக்கவில்லை. கடைக்காரரிடம் இதைக் கேட்டால் அவருக்குத் தெரிந்திருக்கும் என்று நான் எதிர்பார்க்க மாட்டேன்.

ஈசூன் அண்ணன், உங்கள் கணினியில் சிபியு-இசட் என்ற இலவச மென்பொருளை நிறுவி, மதர்போர்டின் சில்லுத்தொகுதி (செயலியை மற்ற பாகங்களோடு இணைக்கும் சில்லு) எது, ராமுக்கு எத்தனை ஸ்லாட் இருக்கின்றன, இப்போது இருக்கும் ராம் எந்த வேகத்தில் ஓடுகிறது என்று பார்த்துச் சொல்லுங்கள். வேகம் 800 என்று காட்டினால் பயந்துவிட வேண்டாம், அந்த மென்பொருள் உண்மைக் கடிகாரத்தைக் காட்டும். இரண்டால் பெருக்கிக்கொள்ள வேண்டும்.

ஈசூன்_அப்பா:

அக்காவுக்கு நன்றி. சில்லுத்தொகுதி எச்61. இரண்டே ஸ்லாட். ஒன்று காலியாக இருக்கிறது. ராம் வேகம் 798 என்று காட்டியது, நீங்கள் சொல்லியிருக்காவிட்டால் பாதி வேகத்தில் ஓடுகிறது என்று பதறியிருப்பேன். எண்கள் 11-11-11-28. பயாஸை முழுவதும் துழாவினேன். நேரம், கடவுச்சொல், எந்தத் தட்டிலிருந்து தொடங்குவது என்பன தவிர அதில் ஒன்றும் இல்லை.

இன்னொன்றையும் கவனித்தேன். அப்பா பாட்டைக் கேட்டுக்கொண்டே செய்தித்தளத்தைத் திறந்தபோது, விண்டோஸ் காட்டும் பட்டியலில் நினைவகம் நிரம்பியும், ஹார்ட் டிஸ்க் 100 விழுக்காடு என்றும் நின்றன. அவர் எதையும் பதிவிறக்கவில்லை. டிஸ்க் ஏன் அவ்வளவு உழைக்கிறது?

கணக்கு_வாத்தியார்:

உங்கள் உண்மையான நோய் அதுதான். ராம் நிரம்பியதும், அப்போதைக்குத் தேவைப்படாதவற்றை விண்டோஸ் ஹார்ட் டிஸ்க்கில் ஒதுக்கிவைக்கிறது, தேவைப்படும்போது மறுபடி எடுக்கிறது. நிமிடத்துக்கு 7200 முறை சுழலும் தட்டு ஒரு சுற்றுச் சுற்ற 8.3 மில்லி நொடி எடுக்கும். வேண்டிய இடம் படிப்பானுக்குக் கீழே வரச் சராசரியாக அரைச் சுற்றாவது காத்திருக்க வேண்டும், படிப்பான் நகரும் நேரம் அதற்கு மேல். ஒரு எடுப்புக்கு 10 மில்லி நொடி என்று வைத்துக்கொள்ளுங்கள். அது ஒரு கோடி நானோ நொடி. சிஎல்9 ஒவ்வொரு முறையும் மிச்சப்படுத்தும் 2.5 நானோ நொடியை 40 லட்சம் முறை சேர்த்து வைத்தால்தான் டிஸ்க்குக்கு ஒரே ஒரு முறை போய்வந்த நட்டம் ஈடாகும். உங்கள் தந்தையாரின் கணினி அப்படி ஒரு நொடியில் பல முறை போய்வந்துகொண்டிருக்கிறது.

உங்கள் கணினிக்கு முதலில் வேண்டியது கொள்ளளவு. அடுத்தது, இரண்டு ஸ்லாட்டிலும் ராம் இருப்பது. இப்போது ஒன்றே ஒன்று இருப்பதால் நினைவகத்துக்குச் செல்லும் இரு தடங்களில் ஒன்று வெறுமையாகக் கிடக்கிறது. 1600 வேகத்தில் ஒரு தடம் நொடிக்கு 12.8 ஜிபி, இரு தடமும் சேர்ந்தால் 25.6 ஜிபி. உங்கள் செயலிக்குள் இருக்கும் எச்டி 2500 வரைகலைப் பகுதிக்குத் தனி நினைவகம் கிடையாது, அதுவும் இதே ராமைத்தான் பகிர்ந்துகொள்கிறது. காணொளி ஓடும் கணினியில் இரண்டாவது தடத்தைத் திறப்பதன் பயனோடு ஒப்பிட்டால் சிஎல் எண்ணின் பயன் மிகச் சிறியது.

உட்லண்ட்ஸ்_வாசகி:

இடையில் புகுவதற்குப் பொறுத்துக்கொள்ளவும். என் மகள் பலதுறைத் தொழிற்கல்லூரிக்கு முன்பு எடுத்துச் சென்ற மடிக்கணினியில் 4 ஜிபி டிடிஆர்3 இருக்கிறது. பழைய பொருள்கள் கைமாறும் காரொசெல் தளத்தில் ஒருவர் 8 ஜிபி விற்கிறார், ஆனால் அதன் சிஎல் வேறு. சிஎல் வேறான இரண்டை ஒன்றாகப் போட்டால் கணினி கெட்டுவிடும் என்று என் சகோதரர் அச்சுறுத்துகிறார். உண்மையா?

பிடோக்_பழுதுக்காரி:

கெடாது. பயாஸ் இரண்டு எஸ்பிடிகளையும் படித்து, இரண்டுக்கும் ஒத்துவரக்கூடிய வேகத்தையும் இருவருள் மெதுவானவரின் தாமதத்தையும் எடுத்துக்கொள்ளும். பள்ளிச் சுற்றுலாவில் மெதுவாக நடக்கும் பிள்ளைக்காக வரிசை முழுவதும் காத்திருப்பதைப் போலத்தான். 4 ஜிபியும் 8 ஜிபியும் கலந்தால் இன்டெல் கணினிகளில் முதல் 8 ஜிபி இரு தடத்திலும் மிச்சம் 4 ஜிபி ஒரு தடத்திலும் ஓடும், அதிலும் குற்றமில்லை.

உங்கள் வேலையைக் கெடுக்கக்கூடியது சிஎல் அன்று, மின்னழுத்தம். டிடிஆர்3 என்பது 1.5 வோல்ட், டிடிஆர்3எல் என்பது 1.35 வோல்ட். டிடிஆர்3எல் ராமைப் பழைய 1.5 வோல்ட் கணினியில் போட்டால் பொதுவாக ஓடும். ஆனால் 2013க்குப் பின் வந்த இன்டெல் ஹாஸ்வெல் செயலி வகை மெல்லிய மடிக்கணினிகள் பலவற்றில் 1.35 வோல்ட் மட்டுமே உண்டு, அவற்றில் 1.5 வோல்ட் ராமைப் போட்டால் திரையே வராது. இப்போது இருக்கும் ராமின் ஒட்டுத்தாளைப் பாருங்கள்; பிசி3 என்பதற்குப் பக்கத்தில் எல் என்ற எழுத்து இருக்கிறதா என்று சொல்லுங்கள்.

காரொசெலில் வாங்குவோர் எல்லோருக்குமே ஒரு வார்த்தை. மலிவாகக் கிடைக்கும் 8 ஜிபி டிடிஆர்3 ராம்களில் இரண்டு வகைப் பொறிகள் உண்டு. ஒன்று, சர்வர்களிலிருந்து கழற்றிய, இடைத்தாங்கிச் சில்லு கொண்ட ரெஜிஸ்டர்டு பிழைதிருத்த வகை. ஒரே அளவில் இருக்கும், ஸ்லாட்டிலும் உட்காரும், மேசைக் கணினி தொடங்காது. மற்றொன்று, "ஏஎம்டிக்கு மட்டும்" என்று விளம்பரத்தின் மூலையில் சிறிய எழுத்தில் எழுதியிருக்கும் வகை. அதன் சில்லுகள் அடுக்கப்பட்டிருக்கும் முறையை இன்டெல் செயலிகள் ஏற்பதில்லை. இந்த இரண்டையும் விளம்பரத்தில் எழுதப்பட்டிருக்கும் சிஎல் எண்ணை வைத்துக் கண்டுபிடிக்கவே முடியாது.

உட்லண்ட்ஸ்_வாசகி:

எல் இருக்கிறது. விற்பவரிடம் படம் கேட்டேன், அவருடையதிலும் இருக்கிறது. சகோதரரிடம் இந்தப் பக்கத்தையே காட்டிவிடுகிறேன். நன்றி அக்கா.

செங்காங்_கேமர்:

வாதத்தைச் சோதனையில் முடித்துக்கொள்வோம். என் பழைய இசட்77 (ஆர்வலர்களுக்கான சில்லுத்தொகுதி) கணினியிலிருந்து கழற்றிய 8 ஜிபி இரண்டு, 1600, சிஎல்9, கவசத்தோடு மேசை இழுப்பறையில் சும்மா கிடக்கிறது. ஈசூன் அண்ணனுக்குக் கடனாகத் தருகிறேன். வட-தெற்குப் பாதையில் எந்த நிலையத்திலும் சந்திக்கலாம். போட்டுப் பார்த்து எண்களை இங்கே எழுதுங்கள். 1600, சிஎல்9 என்று வந்தால் பிடோக் அக்கா எனக்கு ஒரு தே தாரிக் தேநீர் வாங்கித் தர வேண்டும்.

பிடோக்_பழுதுக்காரி:

ஒப்புக்கொண்டேன். அண்ணன், ராமைச் செருகும் முன் மின்கம்பியைக் கழற்றிவிட்டுத் தொடக்கப் பொத்தானை ஒருமுறை அழுத்தி மிச்ச மின்சாரத்தை வடியவிடுங்கள். நம் ஊர் ஈரப்பதத்தில் பொன்முலாம் பூசிய தொடுமுனைகளில் படலம் படிந்திருக்கும், பள்ளிப் பிள்ளைகளின் வெள்ளை அழிப்பானால் மெல்லத் தேய்த்துத் துடைத்துவிடுங்கள். "ராம் கெட்டுவிட்டது" என்று என்னிடம் வந்தவற்றில் எத்தனையோ இதில் சரியாகியிருக்கின்றன.

ஈசூன்_அப்பா:

தம்பி உட்லண்ட்ஸ் நிலையத்தில் ராமைக் கொண்டுவந்து கொடுத்தார். நேற்றிரவு போட்டேன். முதல் முறை திரை வரவில்லை. ஒரு பக்கத் தாழ் சரியாக மாட்டவில்லை, அழுத்தியதும் சரியானது. 16 ஜிபி என்று காட்டியது.

சிபியு-இசட் சொல்வது: வேகம் 665, எண்கள் 9-9-9-24. அதாவது 1333. எஸ்பிடி பக்கத்தில் ஜெடெக் பட்டியல் 1333உடன் முடிந்துவிடுகிறது, எக்ஸ்எம்பி என்ற தலைப்பின்கீழ் மட்டும் 1600 இருக்கிறது. அக்கா சொன்னது எழுத்துக்கு எழுத்து நடந்திருக்கிறது.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எண் எப்படியிருந்தாலும் கணினி உயிர்பெற்றுவிட்டது. அப்பா காலையில் பாட்டு, செய்தி, அத்தை மூன்றையும் ஒன்றாகத் திறந்து வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டுக் காட்டினார்.

கணக்கு_வாத்தியார்:

இந்த முடிவைக் கணக்காகப் பார்த்துவிடுவோம். 1333இல் ஒரு துடிப்பு 1.5 நானோ நொடி, ஆகவே சிஎல்9 இங்கே 13.5 நானோ நொடி. மலிவான பச்சைப் பலகை 1600இல் சிஎல்11 ஓடினால் 13.75. கவச ராமின் மேன்மை கால் நானோ நொடியாகச் சுருங்கிவிட்டது, செயலியின் ஒரு துடிப்பைவிடக் குறைவு. அதற்கு விலையாக, இரு தடமும் சேர்ந்து அள்ளித் தரும் அளவு நொடிக்கு 25.6 ஜிபியிலிருந்து ஏறத்தாழ 21.3 ஜிபிக்கு இறங்கியிருக்கிறது. இந்தக் கணினியைப் பொறுத்தவரை சிஎல்9 எழுதிய ராம்தான் இரண்டில் மெதுவானது.

செங்காங்_கேமர்:

தே தாரிக் என் கணக்கில். ஆனால் ஒன்றை விட்டுக்கொடுக்க மாட்டேன்: இதே ராம் என் இசட்77இல் எக்ஸ்எம்பியை இயக்கியதும் 1600, சிஎல்9 என்றே ஓடியது. ஆர்வலர் மதர்போர்டு வைத்திருப்பவர், தனி வரைகலை அட்டை போட்டு விளையாடுபவர், இரண்டு வகையும் ஒரே விலைக்குக் கிடைத்தால் சிஎல் குறைந்ததை எடுப்பதில் தவறு இல்லை.

பிடோக்_பழுதுக்காரி:

ஒரே விலைக்கு என்று நீங்களே சொல்லிவிட்டதால் எனக்கு வழக்கு இல்லை. ஒரு சிறு எச்சரிக்கை மட்டும்: எக்ஸ்எம்பி பட்டியலில் மின்னழுத்தம் 1.65 வோல்ட் என்று எழுதியிருந்தால் பழைய இன்டெல்லில் போடத் தயங்குங்கள். அந்தத் தலைமுறைக்கு இன்டெல் சொன்னது 1.5 வோல்ட். பத்தாண்டு கடந்த செயலிக்குள் இருக்கும் நினைவகக் கட்டுப்படுத்தியை 2.5 நானோ நொடிக்காக ஏன் சோதிக்க வேண்டும்?

ஈசூன் அண்ணன், எந்த ராமை வைத்துக்கொள்வதாக இருந்தாலும் ஓர் இரவு முழுவதும் ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் மென்பொருளை ஓட்டிப் பார்த்துவிடுங்கள். ஒரு பிழை வந்தாலும் அந்த ராம் வேண்டாம். பழைய ராமில் நான் முதலில் பார்ப்பது இதைத்தான், சிஎல் எண்ணை அன்று.

ஈசூன்_அப்பா:

ஒரு வாரம் கழித்து எழுதுகிறேன். சிம் லிம்முக்குத் திரும்பப் போய், பச்சைப் பலகை இணையையே வாங்கினேன், 1.35 வோல்ட் வகை. எங்கள் கணினியில் 1600, 11-11-11-28 என்று ஓடுகிறது, இரண்டு தடமும் திறந்திருக்கிறது. மெம்டெஸ்ட்டை இரவு பத்து மணிக்குத் தொடங்கினேன், காலையில் பிழை எதுவும் இல்லை. கடைக்காரர் மறுபடியும் சிவப்புக் கவசத்தைக் காட்டினார். எக்ஸ்எம்பி இல்லாமல் அது 1600இல் ஓடுமா என்று கேட்டேன். உள்ளே போய் யாரிடமோ கேட்டுவிட்டு வந்து, பச்சையையே எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். நேர்மையான மனிதர்தான்.

மிச்சமான 25 வெள்ளியோடு இன்னும் கொஞ்சம் சேர்த்து 240 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத சேமிப்பகம்) ஒன்று வாங்கி ஹார்ட் டிஸ்க்கின் இடத்தில் போட்டுவிட்டேன். ராம் மாற்றியபோது அப்பா சொன்னது "நன்றாக இருக்கிறது". எஸ்எஸ்டி போட்ட பிறகு, கணினியைத் திறந்துவிட்டுக் காப்பி கலக்கப் போகும் வழக்கத்தை விட்டுவிட்டார்.

தம்பியின் இரண்டு ராம்களையும் இடையில் ஒருமுறை மீண்டும் போட்டுப் பார்த்தேன். அதே பக்கங்களைத் திறந்து, அதே காணொளியை ஓட்டி, பெரிய கோப்பு ஒன்றைச் சுருக்கிக் கடிகாரம் வைத்துப் பார்த்தேன். ஒரே ராமில் இரண்டு முறை செய்தால் வரும் ஏற்ற இறக்கத்துக்குள்ளேயே எல்லாம் அடங்கிவிட்டது.

செங்காங்_கேமர்:

ராமைத் திருப்பித் தரும்போது உங்கள் பழைய 4 ஜிபியையும் கொண்டுவர முடியுமா அண்ணன்? மின்கழிவுத் தொட்டியில் போடுவதாக இருந்தால் எனக்குக் கொடுங்கள். என் மாமாவின் கடையில் 2 ஜிபியில் ஒரு கணினி மூச்சு வாங்கிக்கொண்டிருக்கிறது.

பிடோக்_பழுதுக்காரி:

வாங்கும் முன் அந்தக் கணினியின் சில்லுத்தொகுதி எது என்று பாருங்கள் தம்பி. ஜி41 என்றால் அது எல்லா 4 ஜிபி ராமையும் ஏற்காது. இரு பக்கமும் சேர்த்துப் பதினாறு சில்லு இருக்கும் வகைதான் வேண்டும். எட்டுச் சில்லு இருந்தால் வேலை செய்யாது.

ஈசூன்_அப்பா:

எண்ணிவிட்டேன். பதினாறு. ஞாயிற்றுக்கிழமை எடுத்து வருகிறேன்.